எக்ஸ்மூரில் இரவு வான் ஒளிப்படவியல்

எக்ஸ்மூர் என்பது இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன், சாமர்செட் ஆகிய கவுண்டிகளில் பரந்துள்ள, மரங்கள் அருகிப் புல்லும் புதரும் மிகுந்த மேட்டுநிலம் ஆகும். 1954 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இது, 2011 இல் ஐரோப்பாவின் முதல் பன்னாட்டு இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஒளி மாசு குறைவாகவும் அடிவானம் மறைப்பின்றியும் இருப்பதால் இது விண்மீன்களைப் படமெடுக்க ஏற்ற இடமாகும். இதன் மிக உயர்ந்த இடமான டங்கெரி பீக்கன் 519 மீட்டர் உயரமுடையது.

காலம்

எக்ஸ்மூர் ஏறத்தாழ 51° வட அகலாங்கில் உள்ளதால், பால் வழியின் மையம் தெற்கு அடிவானத்திற்கு மேல் சுமார் 10° மட்டுமே எழுகிறது. அது நள்ளிரவையொட்டி உச்சமடையும் ஜூன் மாதத்தில், சூரியன் அடிவானத்திற்குக் கீழே 18° வரை இறங்குவதில்லை; எனவே வானம் முழுமையாக இருள்வதில்லை. ஆகவே மே மாதத் தொடக்கத்தில் விடியலுக்கு முந்தைய பொழுதும், ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களின் முன்னிரவும், நிலவில்லாத நாட்களில், இதற்கு உகந்தவை.

நுட்பம்

புவிச் சுழற்சியால் விண்மீன்கள் மணிக்கு 15° நகர்வது போல் தோன்றும். 500 ஐ வில்லையின் குவியத் தூரத்தால் (மி.மீ.) வகுத்தால், முழுச்சட்டப் படக்கருவியில் அவை கோடாக நீளாதிருப்பதற்கான அதிகபட்ச ஒளிபடு நேரம் நொடிகளில் தோராயமாகக் கிடைக்கும். 24 மி.மீ. வில்லைக்கு இது ஏறத்தாழ 20 நொடிகளாகும்.