மஞ்சள் மாத்திரை வந்த வழி

நம் குடியிருப்பில் இளந்தம்பதியர் வாழும் இல்லங்கள் பல. பிழைப்பை நாடி மும்பை மாநகருக்கு வந்த அவர்களுடைய பெற்றோர் தஞ்சையிலும் நெல்லையிலும் பாலக்காட்டிலும் இருக்கின்றனர். ஒருநாள் விடியற்காலையில் இளம்பெண்ணுக்குக் குமட்டல் தோன்றுகின்றது. அது மசக்கை என்று எடுத்துரைக்கப் பக்கத்தில் பாட்டி இல்லை. கணவனும் மனைவியும் மகிழ்ச்சியும் மருட்சியும் ஒருங்கே கலந்த முகத்தினராய் மருத்துவமனைக்குச் சென்று, சீட்டுப் பெற்று, நீண்ட பலகையில் அமர்ந்து காத்திருக்கின்றனர். எடை பார்க்கப்படுகின்றது, இரத்த அழுத்தம் குறிக்கப்படுகின்றது, இரத்தமும் சிறுநீரும் சோதனைக்குச் செல்கின்றன. இறுதியில் மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளுள் மிளகினும் சற்றே பெரியதாய், மஞ்சள் நிறத்ததாய் ஒரு மாத்திரை இருக்கின்றது. அதன் பெயர் ஃபோலிக் அமிலம். விலை மிகவும் குறைவு. அதனால்தானோ என்னவோ, அதன் பெருமையை எண்ணிப் பார்ப்பார் அரியர். அம்மாத்திரையின் கதை வேறெங்கோ தொடங்கியதன்று; நாம் வாழும் மாதுங்காவுக்கு அண்மையிலுள்ள பரேல் பகுதியில் தொடங்கியதாகும்.

கருவுற்ற பெண், நோய் ஏதும் இல்லாதபோதே மருத்துவரைத் திங்கள்தோறும் காணவேண்டும் என்னும் வழக்கம் மிகப் பழமையானதன்று. நம் நாட்டில் மட்டுமன்றி மேலை நாடுகளிலும் வலி கண்ட பின்னரே மருத்துவச்சியை அழைப்பது முறையாக இருந்தது. 1901-ஆம் ஆண்டில் எடின்பரோ நகரத்து மருத்துவர் பாலன்டைன் என்பார், பேறுகாலத்திற்கு முன்னரே கருவுற்ற பெண்களைக் கவனிக்கத் தனி இடம் வேண்டும் என்று வாதாடினார். அவ்வாண்டில் அந்நகரத்து மகப்பேற்று மருத்துவமனையில் அதற்கென ஒரே ஒரு படுக்கை ஒதுக்கப்பட்டது. அந்த ஒரு படுக்கையே பின்னாளில் உலகெங்கும் கிளைத்த பெரும் மரத்தின் வித்து எனலாம். 1929-இல் பிரிட்டிஷ் நலத்துறை அமைச்சகம், எந்தெந்த வாரத்தில் தாயைச் சோதிக்கவேண்டும் என்பதற்கு ஓர் அட்டவணையே வகுத்தது. இன்று நம் இளம்பெண்களின் கையிலுள்ள தாய் சேய் நல அட்டை அதன் வழித்தோன்றலே.

இவை அனைத்தும் வருமுன் நம் வீடுகளின் நிலை என்ன? என் பாட்டியாருக்கு ஒரு தமக்கையார் இருந்தார். தலைச்சன் பிள்ளையைச் சுமந்த ஏழாம் திங்களில் அவர் முகம் வெளுத்தது, கால்கள் வீங்கின, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கிற்று. 'பிள்ளைத்தாய்ச்சிக்கு வெளுப்பு இயற்கைதானே' என்றனர் வீட்டார். பேறுகாலத்தில் அவரும் பிழைக்கவில்லை, குழந்தையும் பிழைக்கவில்லை. அவருடைய பெயரை எங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறைக்கு எந்தப் பெண்ணுக்கும் இடவில்லை. இத்தகைய ஒரு கதை இல்லாத குடும்பம் நம்மிடையே உண்டோ என்பது ஐயமே.

1928-ஆம் ஆண்டில் அன்றைய பம்பாய்க்கு லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி வந்து சேர்ந்தார். 1888-இல் பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் செடிநூலும் மண்ணியலும் பயின்று, பின்னர் மருத்துவம் கற்றவர். இந்தியத் தாய்மார் ஏன் இத்துணைப் பேர் மடிகின்றனர் என்பதை ஆராயும் குழுவில் சேருமாறு மருத்துவர் மார்கரெட் பால்ஃபர் அவரை அழைத்திருந்தார். பரேலில் உள்ள ஹாஃப்கின் ஆய்வுக்கூடமே அவருடைய பணியிடம் ஆயிற்று. சுற்றிலும் புகைபோக்கிகள் ஓங்கி நின்ற ஆலைப்பகுதி அது. ஆலைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்களும், பிற ஏழைப் பெண்களும் கருவுற்ற காலத்தில் கொடிய இரத்தச் சோகைக்கு ஆளாயினர். அது வழக்கமான சோகையன்று. இரும்புச்சத்துக் குறைந்தால் இரத்தச் சிவப்பணுக்கள் சிறுக்கும். இவர்களுக்கோ அணுக்கள் பருத்தும், எண்ணிக்கையில் அருகியும் இருந்தன.

கிருமித் தொற்று காரணமோ என்று வில்ஸ் அம்மையார் முதலில் ஆராய்ந்தார், விடை கிடைக்கவில்லை. பின்னர் அப்பெண்களின் அடுக்களையை நோக்கினார். அவர்களுடைய உணவில் காய்கறியும் பழமும் புரதமும் மிகக் குறைவாக இருந்தன. விடை குருதியில் மட்டும் இல்லை, உண்கலத்திலும் இருக்கின்றது என்று அவர் உணர்ந்தார். ஈரலை உண்பித்தால் ஒருவகைச் சோகை தீரும் என்பதைப் பாஸ்டன் நகர மருத்துவர்கள் 1926-இல் காட்டியிருந்தனர். ஆயினும் ஏழைப் பெண்கள் நாள்தோறும் பெறக்கூடிய பொருளா அது? ஆகவே மலிவான ஒன்றைத் தேடினார். ஈஸ்ட் என்னும் புளிப்புப் பொருளிலிருந்து வடித்தெடுத்த, மார்மைட் என்ற பெயரில் இங்கிலாந்தில் ரொட்டியில் தடவி உண்ணும் பசையைத் தந்து பார்த்தார். குற்றுயிராய்க் கிடந்த பெண்கள் சில நாட்களிலேயே தேறலாயினர். இம்முடிவை 1931-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்.

இவ்வாராய்ச்சி நம் தமிழகத்தையும் தொட்டது என்பதை ஈண்டு மகிழ்வுடன் குறிப்பிடலாம். குன்னூரில் இருந்த பாஸ்டர் நிலையத்தில் அம்மையார் தம் ஆய்வைத் தொடர்ந்தார். 1931-இன் தொடக்கத்தில் சென்னைக் கோஷா மருத்துவமனையிலும் பணியாற்றினார். மேரி ஷார்லீப் என்னும் பெண் மருத்துவரின் முயற்சியால் 1885-இல் நிறுவப்பெற்ற அம்மருத்துவமனை, இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தியின் பெயர் தாங்கி நிற்கின்றது. சென்னையில் வாழ்ந்த நம் முன்னோருள் பலர் பிறந்த இடம் அதுவே அன்றோ!

மார்மைட்டில் இருந்த அந்த உயிர்ச்சத்து யாது என்பது அன்று ஒருவருக்கும் தெரியாது. 'வில்ஸ் காரணி' என்றே அதனை அழைத்தனர். 1941-இல் அமெரிக்க நாட்டு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் நான்கு டன் பசலைக்கீரையைப் பிழிந்து ஒரு பொருளைச் சிறிதளவு பிரித்தெடுத்தனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். அப்பொருளை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக ஆக்கும் முயற்சி 1945-இல் நியூயார்க் மாநிலத்து லெடர்லே நிறுவனத்தில் வெற்றி கண்டது. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் ஒரு இந்தியர், எல்லப்பிரகட சுப்பாராவ். 1895-இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1923-இல் அமெரிக்கா சென்றவர். 1948-இல் மறையும் வரை தாய்நாடு திரும்பாதவர். பம்பாய் ஆலைப் பெண்களின் துயரில் எழுந்த வினாவுக்குச் சென்னையில் மருத்துவம் கற்ற ஒருவரின் கூடத்தில் விடை மாத்திரையாக உருப்பெற்றது.

கதை இத்துடன் முடியவில்லை. கருவில் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகும் குழல், கருத்தரித்த ஏறத்தாழ 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கின்றது. அது சரியாக மூடாவிடின் பிள்ளை ஊனத்துடன் பிறக்க நேரிடும். 7 நாடுகளில் 33 இடங்களில் நடத்தப்பெற்ற ஆய்வின் முடிவு 1991-இல் வெளிவந்தது. முன்பு இவ்வூனமுள்ள கருவைச் சுமந்த பெண்கள், அடுத்த கருவுக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், அக்குறை மீண்டும் நேரும் வாய்ப்பு 72 விழுக்காடு குறைகின்றது என்பதே அம்முடிவு. அந்த 28 நாட்கள் முடியும்போது, தான் கருவுற்றிருப்பதைப் பல பெண்கள் அறிந்திருப்பதே இல்லை. எனவேதான் குழந்தையை விரும்பும்போதே மருத்துவரைக் கலந்து இம்மாத்திரையைத் தொடங்குக என்று அறிவுறுத்துகின்றனர்.

1946-இல் போர் குழு தந்த அறிக்கை, நம் நாட்டில் ஆயிரம் பிறப்புக்கு ஏறத்தாழ 20 தாய்மார் இறந்தனர் என்று மதிப்பிட்டது. அஃதாவது இலட்சத்திற்கு 2,000. 2018-20-ஆம் ஆண்டுகளில் அது இலட்சத்திற்கு 97 ஆகக் குறைந்தது. மருத்துவமனைப் பேறு, இரத்தம் ஏற்றும் வசதி, கிருமி கொல்லும் மருந்து, இடையறாத சோதனை ஆகிய பல கைகள் சேர்ந்து இழுத்த தேர் இது. மாத்திரையும் அவற்றுள் ஒரு கை. ஆயினும் பெருமிதத்துடன் நின்றுவிடுவதற்கில்லை. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி கருவுற்ற இந்தியப் பெண்களில் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தச் சோகை இருந்தது. மருந்து கிடைக்கின்றது, இலவசமாகவும் தருகின்றனர். பின் குறை எங்கே?

குறை பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கின்றது. இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைக் கலக்குகின்றது என்று அலமாரியில் வைத்துவிடுகின்றோம். வேறு வகை உண்டா என்று மருத்துவரைக் கேட்பதில்லை. மாத்திரையைத் தேநீருடன் விழுங்குகின்றோம். தேநீர் இரும்பை உடலில் ஏறவொட்டாது தடுக்கின்றது. கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டுகின்றோம். ஃபோலிக் சத்தில் பெரும்பகுதி அந்நீருடன் போய்விடுகின்றது. எல்லாவற்றிற்கும் மேலாக, அனைவரும் உண்ட பின் எஞ்சியதை உண்பதே இல்லத்தரசிக்கு அழகு என்னும் எண்ணம் இன்னும் மறைந்தபாடில்லை. பரேலில் லூசி வில்ஸ் கண்ட உண்கலம் ஏழையின் கலம். நாமோ வசதியிருந்தும் அக்கலத்தை நம் இல்லங்களில் வைத்திருப்பது முறையாகுமா?

லூசி வில்ஸ் 1964-இல் காலமானார். அவருக்கு மக்கள் இல்லை. ஆனால் இவ்வாண்டு நம் சங்கத்தின் விழா அரங்கில், தாயின் மடியிலிருந்து நழுவி மேடையை நோக்கி ஓடும் ஒவ்வொரு குழந்தைக்கும் அவர் ஒருவகையில் பாட்டியாவார்.

ஆகவே, இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் இளந்தம்பதியருக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவரைக் காணும் நாளில் கணவரும் அலுவலகத்தில் விடுப்புப் பெற்று உடன் செல்லுக. இரத்தச் சோதனையில் எழுதப்பட்ட எண்ணை இருவரும் அறிந்து வைத்திருங்கள். இரவு உணவின்போது முதல் கலத்தை அவளுக்கு இடுக. தாய்வீடு தொலைவில் உள்ளதென்று கலங்கும் பெண்ணுக்கு நம் குடியிருப்பின் மூத்த மாதர் தாயாகுக. வளைகாப்புக்கு வளையல் அடுக்கும் அதே கைகள், முருங்கைக்கீரைப் பொரியலையும் ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். வெளுத்த முகத்தைக் கண்டால், 'இயற்கைதானே' என்று சொல்லி நகராதிருப்போமாக. என் பாட்டியாரின் தமக்கையார் பெயரைச் சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு இட்டிருக்கின்றோம். தாயும் சேயும் நலம்.