சக்கரம் இறங்கியது, எரிபொருள் தீர்ந்தது!

விமானத்தின் சக்கரம் இறங்காவிட்டால் எல்லோரும் காலி என்றுதான் நினைக்கிறோம். ஆனால் 2011-ல் வார்சாவில் ஒரு போயிங் 767 சக்கரமே இல்லாமல் வயிற்றால் தரையிறங்கியது. உள்ளே இருந்த 231 பேருக்கும் காயம் இல்லை!

அப்படியென்றால் ஆபத்து எங்கே இருக்கிறது?

1978 டிசம்பர் 28. அமெரிக்காவின் டென்வரிலிருந்து 189 பேருடன் வந்த யுனைடெட் 173 விமானம், போர்ட்லேண்டில் இறங்கச் சக்கரங்களை விடுவித்தது. 'தடால்' என்று ஒரு சத்தம். துருவேறிய ஒரு பாகம் உடைந்து, வலப்பக்கச் சக்கரம் வேகமாக விழுந்திருந்தது. அதற்கான பச்சை விளக்கு எரியவில்லை. இறக்கை மேலுள்ள குறியோ, சக்கரம் இறங்கிவிட்டதாகவே காட்டியது. கேப்டனுக்குத் திருப்தியில்லை. பயணிகளைத் தயார்ப்படுத்தியபடி சுமார் ஒரு மணி நேரம் வட்டமடித்தார்.

எரிபொருள் குறைவதை உடனிருந்தவர்கள் சொன்னார்கள், அழுத்திச் சொல்லவில்லை. கேப்டனும் சரியாகக் காதில் வாங்கவில்லை. நான்கு இன்ஜின்களும் ஒவ்வொன்றாக நின்றன. விமான நிலையத்துக்கு சுமார் 6 மைல் முன்பே, மரங்கள் நிறைந்த குடியிருப்புப் பகுதியில் விமானம் விழுந்தது. 10 பேர் இறந்தனர்.

1981-ல் யுனைடெட் நிறுவனம் விமானக் குழுவினர் கலந்து பேசி முடிவெடுக்கும் பயிற்சியைத் தொடங்கியது. பிறகு உலகமே அதைப் பின்பற்றியது. கீழே உள்ளவர் தயங்காமல் பேசுவதும், மேலே உள்ளவர் காதுகொடுத்துக் கேட்பதும் உயிர் காக்கும்.