தந்தையின் உடல்நலமும் பிறக்கவிருக்கும் குழந்தையும்: விந்தணு ஆர்.என்.ஏ.வின் பங்கு

குழந்தையின் நலம் தாயின் உடல்நலத்தை மட்டுமே சார்ந்தது என்பது பரவலான எண்ணம். கருத்தரிப்பதற்கு முந்தைய மாதங்களில் தந்தையின் உடல்நிலைக்கும் அதில் பங்கு இருக்கக்கூடும் என ஆய்வுகள் சுட்டுகின்றன.

விந்தணு ஆர்.என்.ஏ. என்றால் என்ன?

விந்தணு, தந்தையின் டி.என்.ஏ.வுடன் சிறிய ஆர்.என்.ஏ. துண்டுகளையும் கருமுட்டைக்குள் எடுத்துச் செல்கிறது. இத்துண்டுகள் மரபணுக்களை மாற்றுவதில்லை. கருவின் தொடக்க நாட்களில் எந்த மரபணு எந்த அளவில் செயல்படும் என்பதையே இவை பாதிக்கக்கூடும். மரபணு மாறாமல் இவ்வாறு தாக்கம் அடுத்த தலைமுறைக்குச் செல்வது மேல்மரபியல் கடத்தல் எனப்படும்.

ஆய்வுகள் கூறுவது என்ன?

2016-இல் சீன அறிவியலாளர்கள், கொழுப்பு மிகுந்த உணவு உண்ட ஆண் சுண்டெலிகளின் விந்தணுவிலிருந்து இத்துண்டுகளைப் பிரித்து, கருவுற்ற இயல்பான முட்டைகளில் செலுத்தினர். பிறந்த குட்டிகளின் உடல், சர்க்கரையைக் கையாளும் திறனில் குறைவுபட்டிருந்தது.

2019-இல் சுவீடனில், 15 ஆண்களுக்கு ஒரு வாரம் சத்தான உணவும், மறுவாரம் அதனுடன் மிகுதியான சர்க்கரையும் அளிக்கப்பட்டன. அதற்குள்ளாகவே விந்தணு ஆர்.என்.ஏ.வில் மாற்றம் தென்பட்டது. எனினும், இம்மாற்றம் மனிதக் குழந்தைகளைப் பாதிக்கிறது என இன்னும் நிறுவப்படவில்லை.

தாங்கள் செய்ய வேண்டியவை

விந்தணு உருவாகி முதிர்ச்சியடைய ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். எனவே, குழந்தைப்பேற்றைத் திட்டமிடும் ஆண்கள் மூன்று மாதங்களுக்கு முன்பே பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நலம்:

• புகையிலை, மது ஆகியவற்றை அறவே தவிர்க்கவும்.
• இனிப்பு, எண்ணெய்ப் பண்டங்களைக் குறைத்து, நாள்தோறும் நடைப்பயிற்சி மேற்கொள்ளவும்.
• அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனை செய்துகொள்ளவும். உட்கொள்ளும் மருந்துகளைத் தாங்களாகவே நிறுத்த வேண்டாம்.
• சில பூச்சிக்கொல்லிகள் விந்தணுக்களின் எண்ணிக்கையைக் குறைக்கும். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை, வாழைத் தோட்டங்களிலும் மலைமேல் ஏலத்தோட்டங்களிலும் மருந்து தெளிப்போர் கையுறையும் முகக்கவசமும் அணியவும். பணி முடிந்ததும் குளித்து உடை மாற்றவும்.

கவனத்திற்கு

விந்தணு ஆர்.என்.ஏ.வைச் சோதிப்பதாகவோ சீராக்குவதாகவோ கூறி விற்கப்படும் பரிசோதனைகளையும் மருந்துகளையும் நம்பிப் பணத்தை இழக்க வேண்டாம். குழந்தைக்கு நோய் ஏற்பட்டால் தாயையோ தந்தையையோ பழிப்பதற்கு இவ்வாய்வுகள் சான்றாகா. ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிடில், கணவன், மனைவி இருவரும் சேர்ந்தே அரசு மருத்துவமனையில் ஆலோசனை பெறவும்.