கருவுறுமுன்னரே கருத வேண்டிய உணவு

மக்கட்பேறு வேண்டுவோர் எதை உண்ணலாம், எதை ஒதுக்கலாம் என்னும் கேள்வி மிகப் பழமையானது. அதற்கு விடை கூறியவர் எந்நாட்டிலும் பலர். கூறிய விடையைச் சோதித்துப் பார்த்தவரோ மிகச் சிலர். அச்சோதனை பிறந்து வளர்ந்த வரலாற்றையே இங்குக் காண்போம்.

சோதியாமற் கூறிய விடைக்குக் காப்பியைப் பற்றி எழுந்த பூசல் ஒன்று நல்ல சான்று. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் இலண்டன் மாநகரில் காப்பிக் கடைகள் தோன்றிப் பெருகின. ஆடவர் அங்கே கூடி வணிகமும் அரசியலும் பேசினர். 1674-ஆம் ஆண்டில், பெண்களின் விண்ணப்பம் என்ற பெயரில், ஆசிரியர் பெயரில்லாத சிறு நூல் ஒன்று வெளிவந்தது. காப்பி ஆடவரின் ஆண்மையைக் கெடுத்து, மக்கட்பேற்றை இல்லாமற் செய்கிறது என்பது அதன் குற்றச்சாட்டு. அதே ஆண்டில் ஆடவர் பெயரால் மறுப்பு நூலும் வந்தது. இரண்டிலும் கேலிக்குக் குறைவில்லை. ஆனால் எண்ணிப் பார்த்ததோ, அளந்து பார்த்ததோ இரண்டிலும் இல்லை. 1819-இல் ரூங்கே என்னும் ஜெர்மானிய வேதியியலார் காப்பிக் கொட்டையிலிருந்து காபீன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்த பின்னரே அதனை அளந்து பேச வழி பிறந்தது.

தாயின் உணவை அளந்து அறியும் முயற்சியில் ஒரு பெரும் படி நம் நாட்டிலேயே எடுத்து வைக்கப்பட்டது. 1928-இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அந்நகரின் துணியாலைகளில் உழைத்த ஏழைப் பெண்களுள் பலர், கருவுற்ற காலத்தில் கொடிய இரத்தசோகைக்கு ஆளாயினர். அவர்தம் இரத்தத்தில் சிவப்பணுக்கள் அளவில் பெருத்தும் எண்ணிக்கையில் குறைந்தும் இருந்தன. வில்ஸ் அம்மையார் அவர்கள் உண்பது என்ன என்று ஆராய்ந்தார். குறைந்த உணவு உண்டவரிடமே நோய் மிகுந்திருக்கக் கண்டார். குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில் எலிகளைக் கொண்டும், பின்னர்ச் சென்னையில், இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்கும் பெண்கள் மருத்துவமனையிலும் அவர் ஆய்வைத் தொடர்ந்தார். முடிவில் அந்நோயைத் தீர்த்தது விலையுயர்ந்த மருந்தன்று. ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்னும் எளிய உணவுப்பொருளே அது. இவ்வுண்மையை 1931-இல் அவர் வெளியிட்டார்.

மார்மைட்டில் மறைந்திருந்த பொருள் எது? 1941-இல் அமெரிக்க அறிஞர்கள் கீரை இலைகளிலிருந்து ஒரு சத்தைப் பிரித்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு அதற்குப் போலிக் அமிலம் என்று பெயரிட்டனர். 1945-இல் அதனை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கிக் காட்டிய லெடர்லி நிறுவனக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பது நாம் நினைவிற் கொள்ளத் தக்கது.

தாயின் இரத்தத்தைக் காத்த இச்சத்து, சேயின் உடலுக்கும் அடிப்படையானது என்பது பின்னர்த் தெரிந்தது. கருவில் மூளையும் தண்டுவடமும் முதலில் ஒரு நரம்புக் குழலாக உருவாகின்றன. கருத்தரித்து ஏறத்தாழ 28 நாட்களில் அக்குழல் மூடிவிட வேண்டும். மூடாது போயின் குழந்தை ஊனத்தோடு பிறக்கும், அல்லது பிழைக்காது. இக்குறைக்கும் போலிக் அமிலத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1965-இல் லிவர்பூல் மருத்துவர் ஹிப்பர்டும் ஸ்மித்தெல்ஸும் எழுதினர். ஐயந்தீர்க்க 1983-இல் ஒரு பெருஞ்சோதனை தொடங்கியது. முன்னர் அத்தகைய கருவைச் சுமந்தவராய், மீண்டும் தாயாக விரும்பிய 1,817 பெண்கள், 7 நாடுகளில் அதில் பங்கு கொண்டனர். கருவுறுமுன்னரே ஒரு சாராருக்குப் போலிக் அமிலம் அளிக்கப்பட்டது. மறு சாராருக்கு அளிக்கப்படவில்லை. நரம்புக் குழல் மூடாத 27 கருக்களுள் 21 அதனைப் பெறாதாரிடமும், 6 பெற்றாரிடமும் காணப்பட்டன. உண்மை இவ்வளவு தெளிவானபின் சோதனையை நீட்டுதல் தகாது என்று 1991-இல் அதனை நிறுத்தினர்.

அந்த 28 நாட்களுக்குள் தாம் கருவுற்றிருப்பதை அறியாத பெண்கள் பலர். அறிந்தபின் உண்போம் என்றால் காலம் கடந்துவிடும். ஆகவே 1992-இல் அமெரிக்க அரசு, கருவுறக்கூடிய பெண்கள் அனைவரும் நாள்தோறும் 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் பெறவேண்டும் என்று அறிவுரை கூறியது. 1998 முதல் அங்கே செறிவூட்டிய தானிய மாவில் அச்சத்தைச் சேர்ப்பது கட்டாயமாயிற்று.

காப்பியின் வழக்கும் இன்று அளவுகோலின் முன் நிற்கிறது. கருவுற்றவர் உடலில் காபீன் நெடுநேரம் தங்குகிறது. நஞ்சுக்கொடி வழியே கருவையும் அடைகிறது. எனவே நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் காபீன் கொள்ளும் கருவுற்ற பெண்கள் அதனைக் குறைத்தல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் அறிவுறுத்தியது. காப்பியை முற்றும் விலக்கு என்று அது கூறவில்லை. அளவறிந்து பருகு என்பதே அதன் கருத்து. புகைப்பழக்கமோ ஆண், பெண் இருவரின் மகப்பேற்று ஆற்றலையும் குறைப்பது. ஆதலின் பொறுப்பு பெண்ணுக்கு மட்டும் உரியதன்று.

1674-இல் பழி சுமத்துவது எளிதாக இருந்தது. உண்மையை அறிவதற்கு வழியில்லை. அவ்வழியைத் திறந்தவர்கள், ஏழைப் பெண்களின் உணவுத் தட்டை ஊன்றி நோக்கியவர்கள். அவர்கள் கண்டறிந்த உண்மை அதே தட்டில் கீரையாகவும் பருப்பாகவும் வந்து சேரும்போதுதான் அவ்வாய்வு நிறைவுறும்.