வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்

ஊரைச் சுற்றிக் காட்டுவதற்கென்று பணம் கொடுத்து ஒரு ஆளை அமர்த்திக்கொள்வது நம்மவர்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத காரியம். கோயில் வாசலில், "வாங்க சார், சிற்பமெல்லாம் விவரமாச் சொல்றேன்" என்று ஒருவர் பின்தொடர்ந்தால் நடையை எட்டிப் போடுகிறவர்கள் நாம். கண் இருக்கிறது, பார்த்தால் போயிற்று என்பது நம் சித்தாந்தம். ஆனால் ஊர் என்பது கண்ணுக்குத் தெரிவது மட்டுமல்லவே! தெரியாததைக் காட்ட ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

புதுச்சேரியில் நான் அப்படி ஒருவரை அமர்த்திக்கொண்டேன். அப்போது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை மூன்றாம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன். 1736 முதல் 1761 வரை இருபத்தைந்து வருஷம் ஒரு மனிதர் தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதி வைத்திருக்கிறார். கப்பல் வந்தது, சீட்டி விலை, யாருக்கு எத்தனை குண்டு மரியாதை, துரை இன்றைக்கு என்ன முகத்தோடு இருந்தார், அந்த முகத்துக்கு என்ன அர்த்தம் எல்லாம் அதில் உண்டு. கதை எழுதுகிறவனுக்கு இதைவிட விருந்து வேறென்ன? அவர் நடந்த தெருக்களில் ஒரு காலை நேரம் நடந்து பார்த்துவிட வேண்டும் என்று ஆசை பிறந்துவிட்டது.

வழிகாட்டிக்கு அறுபது வயதிருக்கும். சுத்தமான வெள்ளைச் சட்டை, தோல் செருப்பு, கையில் மடக்குக் குடை. பிரெஞ்சு மொழியும் தமிழும் தடையில்லாமல் பேசினார். "எங்கப்பா சொல்தா, சார்" என்றார் அறிமுகமாக. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களுக்குப் புதுச்சேரியில் அதுதான் பெயர். சைகோன், அல்ஜீரியா என்று சுற்றிவிட்டு வந்த தலைமுறை.

காலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையருகே ஆரம்பித்தோம். அந்த நேரத்தில் அங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஊரே காலாற நடக்கிறது. சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களைக் காட்டி, "செஞ்சியிலேருந்து கொண்டாந்ததுன்னு சொல்லுவாங்க" என்றார். அந்தப் பக்கம் 1836-இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம். எதிரே, பிரான்சுக்காக உயிர் விட்டவர்களின் நினைவுச் சின்னம். தென்கோடியில் துய்ப்ளே துரை நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார். 1870-இல் எழுப்பிய சிலை. இடம் மாறி மாறி இப்போது குழந்தைகள் விளையாடும் பூங்காவுக்குக் காவலாக வந்து சேர்ந்திருக்கிறது. 1742 முதல் 1754 வரை கவர்னராக இருந்து, தென்னிந்தியாவையே பிரெஞ்சுக்காரர் கைக்குள் கொண்டுவந்துவிடப் பார்த்தவர், கும்பினியார் தரவேண்டிய பணத்துக்காக வழக்காடியபடியே 1763-இல் பாரிஸில் வறுமையில் இறந்தார். சிலை வைத்தது நூறு வருஷத்துக்குப் பிறகு. சிலை விஷயத்தில் எல்லா நாட்டாருக்கும் ஒரே புத்திதான்.

கடற்கரை என்று பெயரே தவிர, பெரும்பாலும் கரை இல்லை, கருங்கல் பாறைகள்தான். 1980-களின் பிற்பகுதியில் தெற்கே துறைமுகத்துக்கு அலைத்தடுப்புக் கட்டியபோது மணலின் வடக்கு நோக்கிய ஓட்டம் தடைப்பட்டது. கடல் இருந்த மணலையும் தின்றுவிட்டது. சமீப வருஷங்களில் தண்ணீருக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்த பிறகு ஒரு துண்டு மணல் திரும்பியிருக்கிறது.

பிறகு உள்ளே திரும்பினோம். துய்மா வீதி, ரோமன் ரோலன் வீதி. மஞ்சளும் வெள்ளையும் பூசிய சுவர்கள், மேலே வழியும் காகிதப்பூ, உயர்ந்த வாசல்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு புதுமணத் தம்பதி, எதிரில் ஒரு புகைப்படக்காரர். வழிகாட்டி அவர்களைச் சுற்றிக்கொண்டு போகப் பழகியிருந்தார். "இதெல்லாம் பிரெஞ்சுக்காரங்க போட்ட தெரு. நூல் பிடிச்ச மாதிரி இருக்கும், பாருங்க" என்றார்.

"டச்சுக்காரர்கள் அல்லவா கோடு போட்டார்கள்?" என்றேன்.

அவர் சட்டென்று நின்று என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு சந்தோஷம். "சார் படிச்சவங்க. வர்றவங்ககிட்ட இதைச் சொன்னா ஏமாந்து போயிடறாங்க. அதனால சொல்றதில்லை" என்றார்.

விஷயம் இதுதான். 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே வந்து குடியேற்றத்தை நிறுவினார். 1693-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். ஐரோப்பாவில் நடந்த சமாதானத்தின் பேரில் 1699-இல் திருப்பிக் கொடுத்தார்கள். இருந்த ஆறு வருஷத்தில் சும்மா இருக்கவில்லை. நெசவாளருக்கும் வியாபாரிகளுக்கும் என்று நேர்க்கோட்டுத் தெருக்களை வரைபடத்தில் இட்டார்கள். திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கோட்டின்மேல் வீடு கட்டினார்கள். இன்று உலகமெல்லாம் 'பிரெஞ்சு அழகு' என்று கொண்டாடும் ஒழுங்குக்கு வித்திட்டது டச்சுக்காரன் அடிக்கோல்!

பாரதி பூங்காவுக்குள் நுழைந்து ஆயி மண்டபத்தின் நிழலில் சற்று உட்கார்ந்தோம். ஆயி கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். விளக்கொளியில் மின்னிய தாசியின் மாளிகையைக் கோயில் என்று நினைத்து அரசர் கும்பிட்டுவிட்டாராம். உண்மை தெரிந்து கோபம் கொண்டு இடிக்கச் சொன்னாராம். அவளோ தன் கையாலேயே வீட்டை இடித்து அந்த இடத்தில் குளம் வெட்டினாளாம். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரப்பாளையத்திலிருந்து வெள்ளையர் பகுதிக்குத் தண்ணீர் வந்தபோது, அவள் பேரில் இந்த மண்டபம் எழுந்தது. பிரெஞ்சுச் சக்கரவர்த்தியின் ஆட்சியில், கிரேக்கக் கோயில் பாணியில், தமிழ்த் தாசி ஒருத்திக்கு மண்டபம். இவ்வளவு விசித்திரமான கௌரவத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"இந்தப் பூங்காதான் கோட்டை இருந்த இடம்" என்றார் வழிகாட்டி. ஐந்து மூலைக் கோட்டை, லூயி கோட்டை. உள்ளே கவர்னர் மாளிகை. பிள்ளை தினந்தோறும் வந்து நின்றது இங்கேதான். சுற்றிலும் பார்த்தேன். வாக்கிங் முடித்தவர்கள் பெஞ்சில் வேர்வை துடைத்துக்கொண்டிருந்தார்கள். கோட்டையின் ஒரு கல்கூடக் கண்ணில் படவில்லை.

1760-ஆம் வருஷக் கடைசியில் அயர் கூட்டின் ஆங்கிலப் படை புதுச்சேரியைச் சூழ்ந்துகொண்டது. உள்ளே லாலி. தானியம் குறையத் தொடங்கியதும், நகரத்திலிருந்த நம் ஜனங்களை லாலி வெளியேற்றினார். வாய் குறையட்டும் என்று. ஆங்கிலேயர் அவர்களை வழியிலேயே மறித்துத் திரும்ப விரட்டினார்கள். உள்ளேயும் இடமில்லை, வெளியேயும் வழியில்லை. ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக இரண்டு துப்பாக்கி வரிசைகளுக்கு நடுவே, வயலில் கிடைத்த வேரையும் புல்லையும் பிடுங்கித் தின்றுகொண்டு, நாட்கணக்கில் கிடந்தார்கள். கடைசியில் ஆங்கிலேயர் வழி விட்டனர். இவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

1761 ஜனவரி 12-ஆம் தேதி ஆனந்தரங்கப் பிள்ளை இறந்தார். 16-ஆம் தேதி நகரம் சரணடைந்தது. நான்கே நாள்! ஒரு நாவலில் நான் இப்படி எழுதினால், "இவ்வளவு கச்சிதம் வேண்டாம் ஐயா" என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். 1758-இல் லாலி கடலூரில் செயின்ட் டேவிட் கோட்டையை இடித்தாரல்லவா, அதற்கு வட்டியும் முதலுமாக ஆங்கிலேயர் இங்கே தீர்த்துக்கொண்டனர். கோட்டை, மாளிகை, மாதா கோயில், வெள்ளையர் வீடுகள் எல்லாவற்றையும் திட்டமிட்டுத் தகர்த்தார்கள். தோற்றுப்போன லாலியைப் பிரெஞ்சு அரசு 1766-இல் பாரிஸில் தலையை வெட்டிக் கொன்றது. அது அநீதி என்று வோல்டேர் போராடியது தனிக் கதை. 1765-இல் லா துரை வந்து ஊரைத் திரும்பப் பெற்றுக்கொண்டபோது பெற்றுக்கொண்டது கற்குவியலைத்தான். ஆகவே, புதுமணத் தம்பதிகள் சாய்ந்து நிற்கும் சுவர்களில் எதுவும் துய்ப்ளேயைப் பார்த்ததில்லை.

அப்படியானால் பார்த்தது எது?

வழிகாட்டி வழக்கமாகப் பூங்காவோடு முடித்துக்கொள்வாராம். "வர்றவங்க வாய்க்காலைத் தாண்ட மாட்டாங்க, சார். அந்தப் பக்கம் வெயிலு, கூட்டம், மோட்டார் சைக்கிள்" என்றார். தாண்டலாம் என்றேன். வெள்ளையர் நகரத்தையும் தமிழர் நகரத்தையும் பிரித்த வாய்க்கால் அது. அந்தப் பக்கம் போனதும் அவர் நடையே மாறிவிட்டது. குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொந்த வீட்டுக்கு விருந்தாளியை அழைத்துப்போகிறவர் போல் வேகமாக முன்னே நடந்தார். திண்ணை, தூண், தாழ்வாரம் வைத்த வீடுகள். சில நன்றாகப் புதுப்பித்தவை, சில இடிய நேரம் பார்த்துக்கொண்டிருப்பவை.

ரங்கப்பிள்ளை வீதியில், பெரிய மார்க்கெட்டின் இரைச்சலுக்குப் பக்கத்தில், அந்த வீடு இருக்கிறது. கீழ்த்தளம் செதுக்கிய மரத்தூண்களோடு அசல் தமிழ் வீடு. மேல்தளத்தில் பிரெஞ்சு மோஸ்தரில் சுண்ணாம்புத் தூண்கள். பிள்ளையின் வாழ்க்கையையே ஒரு கொத்தனார் கட்டிக் காட்டினாற்போல் இருந்தது. கவர்னரின் பெரிய துபாஷி, வியாபாரி, சீட்டியும் பாக்கும் ஏற்றுமதி செய்தவர். 1761-இல் ஊர் விழுந்தபோது இந்த வீடு தப்பியது. இதைவிட ஆச்சரியம், காகிதம் தப்பியது. 1846-இல் கலுவா மொம்பிரன் என்ற பிரெஞ்சுக்காரர் அந்த நாட்குறிப்புகளைக் கண்டெடுத்துப் பிரதி எடுக்க ஏற்பாடு செய்தார். 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக இங்கிலீஷில் வந்தது. தமிழன் தமிழில் எழுதியதை நம்மில் பலர் இங்கிலீஷ் வழியாகத்தான் கேள்விப்பட்டோம்.

மிஷன் வீதிக்கு வந்தோம். சம்பா கோயில் என்று ஊரார் சொல்லும் பெரிய மாதா கோயில். 'சேன் போல்' என்பது நம் வாயில் சம்பா ஆகிவிட்டது. இன்றைய கட்டடம் 1791-இல் முடிந்தது. முந்தியது 1761-இல் போனது. அந்த முந்திய கோயிலுக்குப் பக்கத்தில்தான் வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது.

1748-இல் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் பாஸ்கவன் முற்றுகையிட்டிருந்த செப்டம்பர் மாதம், ஊர் குண்டுக்குப் பயந்து நடுங்கிக்கொண்டிருந்தபோது, அந்த ஈசுவரன் கோயிலை இடித்தார்கள். பாதிரிமாரின் பல வருஷக் கோரிக்கை அது. மதாம் துய்ப்ளேயின் கை அதில் இருந்தது என்று பிள்ளை எழுதுகிறார். இந்த அம்மாள் புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் தெரிந்தவள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அந்தப் பக்கங்களை நான் ஒவ்வொரு தடவையும் நிறுத்தி நிறுத்தித்தான் படிக்கிறேன். பிள்ளை மனம் நொந்து எழுதியிருக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்தான் அன்று ஊரில் துரைக்கு மிக நெருங்கிய தமிழர். பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே வந்திருந்தால்? கோயில் நின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இடித்த கதை மட்டும் நமக்குக் கிடைத்திராது. துரையோடு இருந்ததனால்தான் அவருக்கு எல்லாம் தெரிந்தது; எல்லாம் தெரிந்ததனால்தான் எழுத முடிந்தது. இதை அவருக்கு ஆதரவாகச் சொல்கிறேனா, எதிராகவா என்று கேட்டால் இரண்டுமாகத்தான்.

பிற்பாடு ஈசுவரனுக்கு வேறு இடத்தில் கோயில் கட்டினார்கள். அதை ஒட்டிய தெருவில்தான் பாரதியார் குடியிருந்தார். 1908 முதல் 1918 வரை பத்து வருஷம், இங்கிலீஷ்காரன் ஒற்றர்கள் வாசலில் காத்திருக்க. 1910-இல் அரவிந்தர் வந்து சேர்ந்தார். வ. வே. சு. ஐயரும் இங்கே இருந்தார். ஒரு வெள்ளைக்காரனுக்குத் தப்பி இன்னொரு வெள்ளைக்காரன் கொடிக்குக் கீழே ஒதுங்கியவர்கள்.

அந்தக் கொடியின் கீழே இருந்த நம்மவர் சங்கதி வேறு மாதிரி. வழிகாட்டி பொன்னுத்தம்பிப் பிள்ளை கதையைச் சொன்னார். 1873-இல் இந்த வக்கீல் காலில் ஐரோப்பிய பூட்ஸோடு கோர்ட்டுக்குள் நுழைந்தார். கூடாது என்றார் நீதிபதி. பொன்னுத்தம்பி பாரிஸ் வரை வழக்கைக் கொண்டுபோய் ஜெயித்தார்! பிறகு 1881-இல், சொந்தச் சாதி வழக்கத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்று ஓர் ஆணை வந்தது. ஏற்றுக்கொண்டவர்கள் புதுக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி 'லபோர்த்' என்று வைத்துக்கொண்டார். வாசற்கதவு என்று அர்த்தம்.

"கதவு திறந்தது, சார். ஆனா எல்லாரும் உள்ளே போகலை" என்றார் வழிகாட்டி.

1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர்; வேண்டாம் என்றவர்கள் 8 பேர். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி எல்லாம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். அதன்பின் ஆறு மாதம் தவணை. பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்பினால் எழுதிக் கொடுக்க வேண்டும். பேசாமல் இருந்தால் இந்தியன்.

"எங்கப்பா எழுதிக் குடுத்துட்டார். சித்தப்பா குடுக்கலை. அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் ஒரே பந்தியிலதான் சாப்பிட்டாங்களாம். பாட்டி பரிமாறிச்சாம்" என்றார். "இன்னிக்கு என் தம்பி மார்சேயில இருக்கான். சித்தப்பா மகன் விழுப்புரத்துல ஸ்கூல் வாத்தியார்."

"நீங்கள்?"

"நான் இங்கேதான் இருக்கேன்" என்று சிரித்தார். எந்தக் கடவுச்சீட்டு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஈசுவரன் கோயில் வாசலில் உச்சிகால பூஜைக்குப் பூக்கட்டுகிறவள் கடை பரப்பியிருந்தாள். மணி பத்தாகிவிட்டது. பேசிய தொகைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தேன். அதிகப்படியை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு காப்பியாவது சாப்பிடலாமே என்றேன்.

"இல்லை சார், பதினொரு மணிக்கு அம்மாவைக் கான்சல் ஆபீசுக்கு அழைச்சுக்கிட்டுப் போகணும். அப்பா பென்ஷன் அவங்களுக்கு வருது. உயிரோட இருக்காங்கன்னு காட்டணும்" என்றார்.

குடையை விரித்துக்கொண்டு, மோட்டார் சைக்கிள்களுக்கு இடையே புகுந்து, வீட்டைப் பார்க்க விறுவிறுவென்று நடந்தார்.