முகத்தை வைத்துக் கிடைத்த வேலை – அனிருத் அகர்வால்

காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நாட்களில் உட்கார்ந்து பழைய இந்திப் பேய்ப்படங்களாகப் பார்த்துத் தள்ளியதால் வந்த கட்டுரை இது. பரீட்சை எப்படி எழுதினேன் என்று யாரும் கேட்க வேண்டாம் :-)

முதலில் ஒரு சொந்தக் கதை. போன வருடம் ஒரு பௌர்ணமி அன்று, ரமணாசிரமம் தாண்டி செங்கம் ரோட்டில் மாமா போட்டிருந்த மோர்க்கடையில் நின்றுகொண்டிருந்தேன். கிரிவலக் கூட்டம் நெருக்கித் தள்ளுகிறது. திடீரென்று கரண்ட் போய்விட்டது. செல்போன் வெளிச்சத்தை முகத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு சில்லறை எண்ணினேன். அப்பா தோளில் இருந்த ஒரு குழந்தை என்னைப் பார்த்து வீறிட்டு அழுதது பாருங்கள், பக்கத்துக் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். "அண்ணன்டா, அண்ணன்டா" என்று அந்த அப்பா சமாதானப்படுத்திக்கொண்டே போனார். எனக்கு ஆறடி இரண்டு அங்குலம். கொஞ்சம் எடுப்பான பல். பத்தாம் வகுப்பிலிருந்தே எனக்குப் பட்டப்பெயர் "கொள்ளிவாய்". அதனால் இது புதிதில்லை. ஆனாலும் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அப்படித் தூங்காமல் யூடியூபில் தேடிக்கொண்டிருந்தபோது கிடைத்தவர்தான் இந்தக் கட்டுரையின் நாயகன். பெயர் அனிருத் அகர்வால். படங்களின் டைட்டிலில் அஜய் அகர்வால் என்று வரும். "இந்தியாவின் பேய்" யார் என்று எண்பதுகளில் வடநாட்டில் வளர்ந்தவர்களைக் கேட்டால், பெயர் தெரியாவிட்டாலும் இவர் முகத்தைத்தான் சொல்வார்கள்.

நம் தமிழ் சினிமாவில் பேய்க்கென்றே ஒரு நடிகர் இருந்ததில்லை. யோசித்துப் பாருங்கள். வீரப்பா சிரித்தால் தியேட்டர் அதிரும், ஆனால் அவர் வில்லன். நம்பியாரைப் பார்த்து நம் பாட்டிகள் சாபம் விட்டார்கள், ஆனால் நிஜத்தில் அவர் வருடம் தவறாமல் சபரிமலைக்குப் போன குருசாமி. 'சந்திரமுகி' (2005), 'காஞ்சனா' (2011) என்று எடுத்துக்கொண்டால் கதாநாயகியோ கதாநாயகனோதான் பேயாக ஆடுகிறார்கள். படம் முடிந்தால் அடுத்த படத்தில் டூயட் பாடப் போய்விடுவார்கள். பேய் அவர்களோடு ஒட்டிக்கொள்வதில்லை. அனிருத் அகர்வாலுக்கு ஒட்டிக்கொண்டது.

அவர் கதைக்குப் போகும் முன் ராம்சே குடும்பத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காமர்ஸ் மாணவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்கவும்.

எஃப்.யு. ராம்சே என்பவர் பிரிவினைக்கு முன் கராச்சிப் பக்கம் ரேடியோக் கடை வைத்திருந்த சிந்திக்காரர். இயற்பெயரில் இருந்த ராம்சிங்கானிதான் ராம்சே ஆனது. பிரிவினையில் பம்பாய்க்கு வந்து படம் எடுக்க ஆரம்பித்தார். 1970-ல் 'ஏக் நன்ஹி முன்னி லட்கி தீ' என்று ஒரு படம். கையைக் கடித்தது. ஆனால் அதில் பிருத்விராஜ் கபூர் பயங்கரமான முகமூடி மாட்டிக்கொண்டு திருடப் போகும் காட்சி ஒன்று உண்டு. தியேட்டரில் ஜனங்கள் அந்தக் காட்சிக்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்வதை ராம்சேயின் பிள்ளைகள் கவனித்தார்கள். நஷ்டப்பட்ட படத்திலிருந்து லாபமான பத்து நிமிடத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லலாம். நம் பாடப்புத்தகத்தில் மார்க்கெட் ரிசர்ச் என்று இரண்டு அத்தியாயம் இருக்கிறதே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பிள்ளைகள் ஏழு பேர். குமார் கதை எழுதினார், துளசியும் ஷியாமும் இயக்கம், கங்கு கேமரா, கிரண் ஒலி, அர்ஜுன் எடிட்டிங், கேஷு தயாரிப்பு. யாரும் சினிமாக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஒளிப்பதிவு பற்றிய ஒரு ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தாங்களே படித்துக்கொண்டார்கள். 1972-ல் 'தோ கஸ் ஜமீன் கே நீச்சே' படத்துக்காக மொத்தக் குடும்பமும் மகாபலேஷ்வர் போய் அரசு விடுதியில் தங்கி, வீட்டுப் பெண்கள் சமைத்துப் போட, சுமார் நாற்பது நாளில் முடித்துவிட்டார்கள். செலவு மூன்றரை லட்சம் அளவில்தான் என்று அவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். செட் கிடையாது, இருக்கிற பழைய பங்களாதான் செட். பெரிய நடிகர் கிடையாது. பெரிய ஊர்களில் ஓடாவிட்டாலும் சின்ன ஊர்த் தியேட்டர்களில் போட்ட பணம் திரும்பி வந்துவிடும்.

இந்தக் கணக்கில் ஒரு விஷயம் இடித்தது. ஸ்டார் இல்லாத படத்துக்கு போஸ்டரில் எதைப் போடுவது? அங்கேதான் பேயின் முகம் தேவைப்பட்டது. மேக்கப் போட்ட முகம், ரப்பர் முகமூடி எல்லாம் க்ளோசப்பில் பல்லிளித்துவிடும். நிஜமாகவே அப்படி ஒரு முகம் கிடைத்தால்?

கிடைத்தது. டேராடூன் பக்கத்தில் 1949-ல் பிறந்தவர் அனிருத். படித்தது சிவில் இன்ஜினியரிங், அதுவும் ரூர்க்கி பல்கலைக்கழகத்தில். 2001-ல் ஐ.ஐ.டி. ஆன அதே ரூர்க்கிதான். கல்லூரியில் நாடக ஆசை இருந்திருக்கிறது. வேலைக்காக பம்பாய் வந்தவர், நடிக்க வாய்ப்புத் தேடி ராம்சேக்களைப் பார்க்கப் போனார். நல்ல உயரம், நீண்ட முகம், உள்ளே போன கண்கள், பெரிய தாடை. அவர்கள் தேடிக்கொண்டிருந்த முகம் அதுதான்.

1984-ல் 'புரானா மந்திர்' வெளிவந்தது. அதில் சாம்ரி என்கிற மந்திரவாதி இவர். ராஜா அவன் தலையை வெட்டி, தலையை ஒரு பெட்டியில் பூட்டி மாளிகையிலும், உடலைப் பழைய கோயில் பக்கமும் தனித்தனியாக வைத்துவிடுகிறார். சாகும் முன் சாம்ரி விடும் சாபம்: இந்த வம்சத்தில் பிறக்கும் பெண்கள் பிரசவத்தில் சாவார்கள். பல தலைமுறை கழித்து தலையும் உடலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் படம். ஜகதீப் காமெடி, பாட்டு, சண்டை எல்லாம் நடுவில் வந்து போகும், இழுவை என்றுகூடச் சொல்வேன். ஆனால் சாம்ரி வந்து நின்றால் சட்டென்று எல்லாம் மாறுகிறது. அவர் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. மெதுவாக நடக்கிறார், பார்க்கிறார். அவ்வளவுதான்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. 'மை டியர் குட்டிச்சாத்தான்' 1984-ல் முப்பரிமாணக் கண்ணாடியை ஊரெல்லாம் மாட்டிவிட்ட சமயம் அது. அந்த அலையில் ராம்சேக்கள் 1985-ல் ஒரு முப்பரிமாணப் படம் எடுத்தார்கள். பெயர் என்ன தெரியுமா? 'சாம்ரி'. ஹீரோ பெயரில் படம் வருவது சகஜம், பேய் பெயரில் அடுத்த படம் வருவது பெரிய விஷயம்தான். 1990-ல் 'பந்த் தர்வாஜா'. பகலில் சவப்பெட்டியில் படுத்து இரவில் ரத்தம் குடிக்கும் நேவ்லா. டிராகுலாவின் இந்திய அவதாரம். 1993-ல் ஜீ டிவியில் ராம்சேக்கள் 'ஜீ ஹாரர் ஷோ' ஆரம்பித்தபோது அதிலும் இவர் முகம் வந்தது. நம் ஊரில் அம்மா தலைமுறை 'மர்ம தேசம்' பார்த்துப் போர்வைக்குள் புகுந்த மாதிரி வடக்கே அதைப் பார்த்துப் புகுந்திருக்கிறார்கள்.

இப்போது நம்ம கணக்குக்கு வருவோம். கம்பெனிக் கணக்கில் குட்வில் என்று ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத சொத்து. பெயரை நம்பி ஆள் வருகிறானே, அதன் மதிப்பு. 'ராம்சே படம்' என்றால் டிக்கெட் விற்றது. அந்த குட்வில் ராம்சே பெயரில் இருந்தது. அதில் ஒரு பங்கு இந்த மனிதரின் தாடையும் கண்ணும்தான். ஆனால் பெயரோ மேக்கப்புக்கு அடியில் இருந்தது. இதில் யாரையும் குற்றம் சொல்லவில்லை. வியாபாரம் அப்படித்தான் நடக்கும். ஆனால் ஒரு முகத்தை ஒரே வேலைக்குத்தான் எல்லோரும் கூப்பிட்டால், அந்த வேலைக்கு மவுசு குறையும்போது முகத்துக்குச் சொந்தக்காரர் என்ன செய்வார்?

1994-ல் இரண்டு வாய்ப்புகள் வந்தன. சேகர் கபூரின் 'பண்டிட் குயின்' படத்தில் கொள்ளைக்காரன் பாபு குஜ்ஜர். பேய் இல்லை, மனிதன். ஆனால் எந்தப் பேயையும்விடக் கொடூரமானவன். அதே வருடம் ஹாலிவுட்டின் 'தி ஜங்கிள் புக்' படத்தில் தபாக்கி. இரண்டிலும் நடிக்கத் தெரிந்தவர் என்று தெரிகிறது. ஆனாலும் அந்த இரண்டும்கூட அடியாள், கொள்ளைக்காரன்தான். ஒரு பள்ளிக்கூட வாத்தியாராகவோ, பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும் அப்பாவாகவோ யாரும் அவரைக் கற்பனை செய்து பார்க்கவில்லை. மெல்ல சினிமா குறைந்தது. அவர் கையில் ரூர்க்கி பட்டம் இருந்தது, தன் கட்டுமானத் தொழிலைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

இவரைப் படிக்கும்போது போரிஸ் கார்லோஃப் ஞாபகம் வராமல் இருக்காது. 1931-ல் வந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தின் பூதம். அவருடைய நிஜப்பெயர் வில்லியம் ஹென்றி பிராட், 1887-ல் லண்டனில் பிறந்தவர். அவர் அப்பா இந்தியாவில் வெள்ளைக்கார அரசின் உப்பு இலாகாவில் வேலை பார்த்தவர், குடும்பத்தில் இந்திய ரத்தமும் உண்டு. கனடாவுக்குப் போய் மண் வெட்டி, லாரி ஓட்டி, சின்னச் சின்ன வேஷம் கட்டி, 44 வயதை எட்டும்போதுதான் பெயர் கிடைத்தது. அதுவும் முதல் டைட்டிலில் பெயருக்குப் பதில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார்கள்! நேரம் காலமில்லாமல் கனமான மேக்கப்போடு வேலை வாங்கிய ஸ்டுடியோக்களைப் பார்த்தவர், 1933-ல் ஹாலிவுட் நடிகர் சங்கம் தொடங்கியபோது முதல் உறுப்பினர்களில் ஒருவரானார். அவருக்குச் சங்கம், இவருக்கு டிகிரி. பேய் வேஷத்திலிருந்து வீட்டுக்கு வர ஆளுக்கொரு வழி.

ராம்சேக்களில் துளசி 2018-லும், ஷியாம் 2019-லும் காலமானார்கள். அப்போது வந்த அஞ்சலிகளைத் தேடிப் பார்த்தேன். பல இடங்களில் உடன் போட்டிருந்த படம் சாம்ரியின் முகம்தான்.

எங்கள் பகுதியில் சுவரில், பேருந்து நிறுத்தத்தில், புத்தகக் கடையில் எங்கே திரும்பினாலும் "நான் யார்" என்ற கேள்வி கண்ணில் படும். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியதால் போர்டு மாதிரி கடந்து போய்விடுவேன். இந்த உடம்பு நானில்லை என்று சாமியார்கள் சொன்னால் பெரிய தத்துவம். "உன் மூஞ்சிக்கு இந்த வேலைதான்" என்று உலகம் சொல்லும்போது, சரி, அதையும் நன்றாகச் செய்கிறேன், ஆனால் நான் சிவில் இன்ஜினியரும்கூட என்று ஒருவர் வாழ்ந்து காட்டினால் அதற்கு என்ன பெயர்? எனக்குத் தெரியவில்லை. அடுத்த மாதம் கேம்பஸ் இன்டர்வியூ இருக்கிறது, அதனால் இதை யோசிக்கிறேனோ என்னவோ.

கார்லோஃப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். ஏரிக்கரைக் காட்சியில் பூதத்தோடு நடிக்க வந்த சிறுமி, முழு மேக்கப்பில் நின்றவரைப் பார்த்துக் கொஞ்சமும் பயப்படவில்லையாம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரே வண்டியில் ஷூட்டிங்குக்குப் போனாளாம்.

அந்த பௌர்ணமி ராத்திரி கரண்ட் திரும்பி வந்த பிறகு, கூட்டத்தில் வழி கிடைக்காமல் அந்த அப்பா எங்கள் கடைக்கே திரும்பி வந்தார். ஒரு டம்ளர் மோர் கொடுத்தேன். குழந்தை என்னையே முறைத்துக்கொண்டிருந்தது. அப்புறம் டம்ளருக்குக் கை நீட்டியது.

பி.கு: 'புரானா மந்திர்' பார்க்க நினைப்பவர்கள் ராத்திரியில் பாருங்கள். முதல் அரை மணி நேரம் பொறுமை தேவை. நாளைக்குப் பரீட்சை இருந்தால் மட்டும் வேண்டாம், அனுபவத்தில் சொல்கிறேன் :-)