லினக்ஸ் கெர்னலின் பிணையச் செயல்திறன்: குறுக்கீட்டு முறையிலிருந்து வினவு முறைக்கு (1996–2003)

ஆய்வுச் சுருக்கம்

வன்பொருளின் வேகம் கூடினால் பிணையச் செயல்திறனும் தானே கூடும் என்பது பொதுவான எண்ணம். லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலின் வரலாறு இதற்கு மாறான சான்றைத் தருகிறது. தரவுப்பொதியை எப்போது ஏற்பது என முடிவுசெய்யும் உரிமை பிணைய அட்டையிடமிருந்து கெர்னலுக்கு மாறியதே இக்காலத்தின் அடிப்படை மாற்றம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

1. குறுக்கீட்டு முறையின் எல்லை

தொடக்கத்தில், பொதி வந்தவுடன் பிணைய அட்டை செயலிக்குக் குறுக்கீடு அனுப்பும். செயலி தன் பணியை நிறுத்திப் பொதியை ஏற்கும். போக்குவரத்து குறைவாக இருந்தவரை இம்முறை போதுமானதாக இருந்தது. ஆனால் வினாடிக்கு 100 மெகாபிட் ஈதர்நெட் இணைப்பில் மிகச் சிறிய பொதிகள் வினாடிக்கு ஏறத்தாழ 1,48,800 வரை வந்து சேரக்கூடும். அந்நிலையில் செயலியின் நேரம் முழுவதும் குறுக்கீடுகளுக்கே செலவாகும். ஏற்ற பொதிகளை உரிய நிரல்களுக்குச் சேர்க்க நேரம் எஞ்சாது. ஜெஃப்ரி மோகுல், கே.கே. ராமகிருஷ்ணன் ஆகியோர் 1996ஆம் ஆண்டு யூஸ்நிக்ஸ் மாநாட்டுக் கட்டுரையில் இந்த ஏற்பு முடக்கத்தை விரிவாக ஆராய்ந்து, சுமை மிகும்போது வினவு முறைக்கு மாறுவதைத் தீர்வாக முன்வைத்தனர்.

2. 1999ஆம் ஆண்டுச் சோதனை

1999 ஏப்ரலில் மைண்ட்கிராஃப்ட் நிறுவனம், நான்கு செயலிகளும் நான்கு பிணைய அட்டைகளும் கொண்ட சேவையகத்தில் விண்டோஸ் என்டி 4.0 லினக்ஸை விஞ்சியதாக அறிவித்தது. சோதனைக்கு நிதியளித்தது மைக்ரோசாஃப்ட் என்பதால் அதன் நடுநிலைமை கடும் கண்டனத்திற்கு உள்ளானது. எனினும் லினக்ஸ் தரப்பினரின் பங்கேற்புடன் நடந்த மறுசோதனையிலும் என்டியே முன்னிலை பெற்றது. 2.2 கெர்னலின் பிணையக் குறிமுறை பல செயலிகளில் ஒரே நேரத்தில் இயங்கும் வகையில் அமையாததே முதன்மைக் காரணம். சான்றை அளித்தவரின் சார்பும் சான்றின் உண்மையும் தனித்தனியே ஆராயப்பட வேண்டியவை என்பதற்கு இந்நிகழ்வு தக்க எடுத்துக்காட்டு. 2001 ஜனவரியில் வெளியான 2.4 கெர்னல், 'சாஃப்ட்நெட்' என்னும் மறுசீரமைப்பின் வழியே இக்குறையைப் பெரிதும் களைந்தது.

3. வினவு முறையும் இயக்கிகளும்

சாஃப்ட்நெட் பணியைச் செயலிகளிடையே பகிர்ந்ததே தவிர, குறுக்கீடுகளின் பெருக்கத்தைத் தடுக்கவில்லை. ஜமால் ஹாதி சலீம், ராபர்ட் ஓல்சன், அலெக்ஸி குஸ்நெட்சோவ் ஆகிய மூவரும் 2001இல் வெளியிட்ட கட்டுரையில் 'என்ஏபிஐ' என்னும் முறையை விளக்கினர். இதன்படி முதல் பொதி மட்டுமே குறுக்கீடு எழுப்பும். உடனே இயக்கி அக்குறுக்கீட்டை அணைத்துவிடும். கெர்னல் தனக்கு ஏற்ற நேரத்தில், வரையறுத்த அளவுக்குள் பொதிகளை எடுத்துக்கொள்ளும். வரிசை தீர்ந்தபின் குறுக்கீடு மீண்டும் இயக்கப்படும். சுமை மிகுந்தால் மிகையான பொதிகள் அட்டையிலேயே கைவிடப்படும். அவற்றுக்காகச் செயலியின் உழைப்பு வீணாவதில்லை.

இம்முறைக்கு ஒவ்வோர் அட்டையின் இயக்கியும் திருத்தி எழுதப்பட வேண்டியிருந்தது. குறுக்கீட்டை அணைக்கும் வசதியும், பொதிகளைத் தேக்கிவைக்கும் நினைவக வளையமும் வன்பொருளுக்குத் தேவைப்பட்டன. இவை இல்லாத பழைய அட்டைகள் கைவிடப்படவில்லை; முந்தைய ஏற்பு வழியும் கெர்னலில் நிலைநிறுத்தப்பட்டது. ஆகவே இயக்கிகள் ஒவ்வொன்றாகப் புதிய முறைக்கு மாற முடிந்தது. 2.4.20 பதிப்பிலும், 2003 டிசம்பரில் வெளியான 2.6 கெர்னலிலும் என்ஏபிஐ இடம்பெற்றது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் இரு கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, செயல்திறன் வேகத்தைவிடப் பணியொழுங்கைச் சார்ந்தது. எதை ஏற்பது என்பதைப் போலவே எதை முன்கூட்டியே கைவிடுவது என்பதும் அதில் அடங்கும். இரண்டாவது, பழைய வன்பொருளுக்கான ஆதரவைப் பேணியமையே புதிய முறை பரவ வழிவகுத்தது. எனவே செயல்திறன் மேம்பாட்டையும் வன்பொருள் ஆதரவையும் ஒரே வரலாற்றின் இரு கூறுகளாகக் கருதுவதே பொருத்தமாகும்.